72 ஓட்டில் செத்த பையன்

"கட்சிப் பத்திரிகையில் சித்திரக் கதையைப் பற்றி எழுத வேண்டுமா? கூலி உயர்வைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று மில் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். கூலி உயர்வைப் பற்றி எழுதாத வாரம் இல்லை, இனியும் எழுதுவோம். ஆனால் அதே தோழரின் மகன், மார்பில் வௌவால் படம் போட்ட பனியனோடு தெருவில் விளையாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை எந்தக் கதையை மார்பில் சுமந்து திரிகிறானோ, அந்தக் கதைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொள்வது நம் வேலை அல்லவா?

இன்னொன்றையும் ஒளிவு மறைவின்றிச் சொல்லி விடுகிறோம். நாமும் அந்தக் கதைகளின் ரசிகர்தாம். பள்ளிக்கூட நாட்களில் பழைய புத்தகக் கடையில் மேலட்டை கிழிந்து கிடந்தவற்றை வாங்கி, தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைத் தாண்டித் தாண்டிப் படித்தோம். படம் புரிந்தது, கதை புரிந்தது. அரசியல் பின்னால்தான் புரிந்தது.

விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1988-ம் ஆண்டு செப்டம்பர் 15, 16 தேதிகளில் ஒரு தேர்தல் நடந்தது. மந்திரியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அல்ல. ஒரு பையன் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று தீர்மானிக்கும் தேர்தல். அவன் நிஜப் பையன் அல்ல, கதையில் வருகிறவன். மொத்தம் 10,614 ஓட்டுகள் விழுந்தன. சாகட்டும் என்றவை 5,343. பிழைக்கட்டும் என்றவை 5,271. 72 ஓட்டு வித்தியாசத்தில் பையன் செத்தான்.

அவன் பெயர் ஜேஸன் டாட். அவன் செய்த குற்றம் என்ன? கொள்ளையடித்தானா? குடியைக் கெடுத்தானா? இல்லை. அவன் வாசகர்களுக்கு எரிச்சலூட்டினான். அவ்வளவுதான்.

பேச்சுத் துணைக்கு வந்தவன்

பேட்மேன் என்ற வௌவால் மனிதன் முதன் முதலில் அச்சேறியது 1939-ல். கதைப்படி அவன் கோடீஸ்வரன். பெயர் புரூஸ் வேய்ன். சிறு வயதில் தாயையும் தந்தையையும் தெருத் திருடன் ஒருவன் அவன் கண்ணெதிரே சுட்டுக் கொன்றான். அதிலிருந்து, பகலில் பெரிய மனிதனாகவும் இரவில் வௌவால் வேஷத்தோடும் காதம் என்ற நகரில் குற்றவாளிகளை வேட்டையாடுகிறான்.

தன்னந்தனியாக இருட்டில் திரிகிறவன் யாரோடு பேசுவான்? அவன் மனதில் இருப்பது வாசகனுக்கு எப்படித் தெரியும்? கதை எழுதிய பில் ஃபிங்கருக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஒரு வாட்ஸன் இருப்பதுபோல, பேட்மேனுக்கும் ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்தார். அப்படித்தான் 1940-ல் ராபின் பிறந்தான். சர்க்கஸ் கூடாரத்தில் ஊஞ்சல் ஆடும் தம்பதிகளின் மகன் டிக் கிரேஸன். கப்பம் கேட்ட ரௌடிக் கூட்டம் கயிற்றில் சூது செய்து பெற்றோரைக் கொன்றது. பேட்மேன் அந்த அநாதையை எடுத்து வளர்த்தான்.

பையனுக்குப் பெயர் கொடுத்தவர் ஜெர்ரி ராபின்ஸன் என்ற ஓவியர். எந்தப் பெயரைப் பார்த்துக் கொடுத்தார் தெரியுமா? ராபின் ஹூட்! பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்ததாக இங்கிலாந்து ஜனங்கள் பாடி வந்தார்களே, அவன் பெயர். கொள்ளைக்காரனின் பெயர் கோடீஸ்வரன் வீட்டு எடுபிடிப் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது.

பையன் வந்ததும் விற்பனை ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று என்று சொல்வார்கள். பலன் யாருக்கு? ஃபிங்கர் 1974-ல் கண்ணை மூடும் வரை, பேட்மேனைப் படைத்தவர் என்று பாப் கேன் என்ற ஓவியரின் பெயர் மட்டுமே அச்சாகி வந்தது. ஃபிங்கருடைய பெயரும் சேர்ந்தது 2015-ல்தான். கதைக்கு உள்ளே மட்டுமல்ல, கதைக்கு வெளியிலும் எடுபிடிகளின் நிலை இதுதான். நிற்க.

சக்கரம் திருடியவன்

டிக் கிரேஸன் வளர்ந்து வாலிபனானான். தனி வழி போனான். 1984-ல் வேறு பெயர், வேறு உடுப்பு எடுத்துக் கொண்டான். காலி இடத்துக்கு இன்னொரு பையன் வேண்டுமே! 1983-லேயே ஜேஸன் டாட் என்பவனைக் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். அவனும் சர்க்கஸ் பையன்தான். அவன் பெற்றோரும் கொலையுண்டவர்கள்தான். பழைய பையனுக்கு அச்சு நகல்.

பிறகு கம்பெனி தன் கதைகள் அனைத்தையும் திருத்தி எழுதத் தொடங்கியது. 1987-ல் ஜேஸனுக்குப் புதுப் பிறப்பு கொடுத்தார்கள். இந்தத் தடவை சர்க்கஸ் இல்லை. தகப்பன் சில்லறைக் குற்றவாளி. பெரிய ரௌடி ஒருவனிடம் கூலிக்கு வேலை செய்து அவன் கையாலேயே செத்தவன். தாயும் போய்விட்டாள். பையன் பாழடைந்த வீட்டில் தனியாக வசிக்கிறான். அகப்பட்டதைத் திருடி விற்று வயிற்றைக் கழுவுகிறான்.

ஓரிரவு ஒரு சந்தில் கறுப்புக் கார் ஒன்று நிற்கிறது. அது பேட்மேனுடைய கார். சந்து, அவன் பெற்றோர் சுடப்பட்ட அதே சந்து. பையனுக்கு அதெல்லாம் தெரியாது; தெரிந்தாலும் கவலை இல்லை. நல்ல சக்கரம், நல்ல விலை போகும். கழற்றிக் கொண்டு போகிறான். மிச்சத்துக்குத் திரும்பி வரும்போது சொந்தக்காரன் நிற்கிறான். ஊரே நடுங்கும் அந்த வௌவால் மனிதனைப் பையன் சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியாலேயே ஓர் அடி அடிக்கிறான்!

தோழர்களே, இதைப் படித்த அன்று நாம் வாய்விட்டுச் சிரித்தோம். ஐம்பது வருஷக் கதையில் பேட்மேனின் காரை வெறும் சரக்காகப் பார்த்த பையன் இவன்தான் என்று தோன்றியது. மற்றவர்கள் அதில் மர்மத்தைக் கண்டார்கள்; இவன் இரண்டு வேளைச் சோற்றைக் கண்டான்.

பேட்மேன் முதலில் அவனை ஓர் அநாதைப் பள்ளியில் சேர்க்கிறான். தர்ம ஸ்தாபனம் என்று பெயர். உள்ளே நடப்பதோ பிள்ளைகளுக்குத் திருட்டுப் பயிற்சி. பையன் அதை வெளிக் கொண்டு வர உதவுகிறான். அதன் பிறகு ராபின் ஆகிறான்.

இந்தக் கதை வெளிவந்த 1987-ம் வருஷம் அமெரிக்கா எப்படி இருந்தது? ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கு ஒரு குழந்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தது. வீடில்லாதவர்கள் தொகை பெருகி, அவர்களுக்கென்று சர்க்கார் தனிச் சட்டமே கொண்டு வர வேண்டியதாயிற்று. ஆகவே ஜேஸன் வானத்திலிருந்து குதித்தவன் அல்ல. அன்றைய அமெரிக்கத் தெருவிலிருந்து வந்தவன்.

எரிச்சல் பொய்யல்ல

இவ்வளவு சொன்ன நாம் ஜேஸனைக் கொண்டாடினோம் என்று நினைத்து விடாதீர்கள். சக்கரம் திருடிய முதல் கதைக்குப் பிறகு, அவனை நமக்குப் பிடிக்கவில்லை. ஆம், நமக்கும்தான்.

என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசுவான். "நில்" என்றால் பாய்வான். ஓர் அடி போதுமான இடத்தில் பத்து அடி கொடுப்பான். கண்டித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்வான். குழந்தைகளை வைத்து ஈனத் தொழில் நடத்தும் கும்பலைப் பிடிக்க இருவரும் பதுங்கி இருக்கிறார்கள். போலீஸ் வரும் வரை பொறுக்க வேண்டும். பொறுப்பானா? ஒற்றை ஆளாகக் குதித்து விடுகிறான். இப்படிப்பட்டவனால் கூட இருக்கிறவன் உயிருக்கும் ஆபத்து. கட்டுப்பாடு என்றால் என்ன என்று வேலை நிறுத்தத்தில் நின்று கற்றவர்களுக்கு இவனைப் பார்த்தால் கோபம் வராமல் இருக்குமா?

எனவே அமெரிக்க வாசகர்களின் எரிச்சல் பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். நம் கேள்வி வேறு. அந்த எரிச்சலை யார் வளர்த்தார்கள்? யார் விலைக்கு விற்றார்கள்?

அந்தக் காலத்தில் கதையை எழுதியவர் ஜிம் ஸ்டார்லின். பேட்மேனுக்கு ராபின் என்ற துணையே கூடாது என்ற கொள்கை உடையவர். தான் கறுப்பு உடுப்பில் ஒளிந்து கொண்டு, கலர் கலரான உடுப்பில் ஒரு சிறுவனைச் சண்டைக்கு அனுப்புவது குழந்தையைக் கொடுமைப்படுத்துவதற்குச் சமம் என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது சரியான வாதம். ஆனால் இந்த வாதத்தின்படி குற்றவாளி யார்? அனுப்பிய பெரியவனா, அனுப்பப்பட்ட சிறுவனா? தண்டனை மட்டும் சிறுவனுக்கு வந்தது!

அந்தஸ்துள்ள வீட்டுப் பிள்ளை

1988-ல் வந்த ஒரு கதையைப் பல வருஷம் கழித்து மறுபடி படித்தோம். முதல் தடவை படித்தபோது அதில் ஜேஸனின் முரட்டுத்தனம்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை வேறொன்று தெரிந்தது.

தென் அமெரிக்க நாடு ஒன்றின் தூதருடைய மகன். ஒரு பெண்ணை நாசப்படுத்துகிறான். தூதர் குடும்பம் என்பதால் சட்டம் அவனைத் தொட முடியாது. கைது செய்தாலும் விட்டு விட வேண்டும். சிரித்துக் கொண்டே வெளியே வருகிறான். அந்தப் பெண்ணுக்கு டெலிபோனில் மறுபடி மிரட்டல் விடுகிறான். அவள் தூக்கில் தொங்கி விடுகிறாள். ஜேஸன் அவன் வீட்டு மாடிக்குப் போகிறான். பேட்மேன் வந்து சேரும்போது அவன் மாடியிலிருந்து விழுந்து கொண்டிருக்கிறான். தள்ளினாயா என்று பேட்மேன் கேட்கிறான். என்னைக் கண்டு பயந்தான், வழுக்கி விழுந்தான் என்கிறான் பையன். உண்மை எது என்று கதை சொல்லவில்லை.

கொலை சரியென்று நாம் சொல்லவில்லை. தனி மனிதன் தன் கையில் சட்டத்தை எடுப்பது ஏழைக்கு ஒரு நாளும் விடுதலை தராது. ஆனால் இந்தக் கதையில் வாசகனின் கோபம் யார் மேல் திரும்புகிறது என்று பாருங்கள்! பணமும் பதவியும் உள்ள வீட்டுப் பிள்ளையை எந்தச் சட்டமும் தீண்ட முடியாதது பற்றிக் கோபம் இல்லை. அந்தப் பெண்ணின் சாவு பற்றிக் கோபம் இல்லை. "இந்த ராபின் ரொம்ப முரடனாகி விட்டான்" என்பதுதான் பேச்சு. அநியாயத்தைக் கண்டு பொங்கிய பையனே பிரச்னையாகி விட்டான். அநியாயம் கதைக்குப் பின்புலமாகி விட்டது.

சர்க்கஸ் பையன் டிக் கிரேஸனும் அநாதைதான். ஆனால் அவன் சிரித்த முகம், சொன்னதைக் கேட்பான், நன்றியுள்ளவன். ஜேஸனும் அநாதை. ஆனால் அவன் கோபக்காரன், கேள்வி கேட்பான். தன் தகப்பனைக் கொன்றவன் யார் என்பதைப் பேட்மேன் தெரிந்திருந்தும் மறைத்து விட்டான் என்று அறிந்தபோது கொதித்தான். கொதிக்க மாட்டானா? ஏழைப் பிள்ளை நன்றியோடு இருந்தால் அவனை எல்லாருக்கும் பிடிக்கிறது. கோபத்தோடு இருந்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. நமக்குமே பிடிக்கவில்லையே! இதுதான் நம்மை உறுத்துகிறது.

ஐம்பது சென்ட் தேர்தல்

வாசகர் கடிதங்களில் ஜேஸன் மேல் வெறுப்பு வந்து குவிந்தது. பேட்மேன் கதைகளுக்கு ஆசிரியராக இருந்த டென்னிஸ் ஓ'நீலுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி ஞாபகம் வந்தது. 1982-ல் அமெரிக்க டெலிவிஷனில் நகைச்சுவை நடிகர் எட்டி மர்ஃபி ஒரு சிங்கி இறாலைக் கையில் தூக்கிக் காட்டி, இதை வேக வைக்கலாமா, விட்டு விடலாமா என்று டெலிபோனில் ஓட்டுக் கேட்டார். நாலரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள் டெலிபோன் செய்தார்கள். இறாலை விட்டு விடலாம் என்ற பக்கமே ஓட்டில் ஜெயித்தது.

அதே வழியைப் பையனுக்கும் செய்தார்கள். ஜோக்கர் என்ற பரம விரோதியிடம் ஜேஸன் சிக்குகிறான். கட்டடம் வெடித்துச் சிதறுகிறது. அந்த இடத்தில் கதையை நிறுத்தி, இரண்டு டெலிபோன் நம்பர்களை அச்சடித்தார்கள். ஒன்று பிழைக்க, ஒன்று சாக. ஒரு தடவை கூப்பிட ஐம்பது சென்ட். ஒன்றரை நாள் கெடு.

ஐம்பது சென்ட் என்றால் எவ்வளவு? அப்போது அமெரிக்காவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். அந்தக் கூலி வாங்கும் தொழிலாளி ஒன்பது நிமிஷம் உழைத்தால் ஒரு ஓட்டு. கையில் காசு அதிகம் உள்ளவனுக்கு எத்தனை ஓட்டும் போடலாம், யாரும் தடுக்கவில்லை. ஒருவர் கம்ப்யூட்டரை வைத்துத் திரும்பத் திரும்பச் சாவு நம்பரையே கூப்பிட வைத்தார், இருநூறு ஓட்டுக்கு மேல் அவருடையதே இருக்கும் என்று தாம் கேள்விப்பட்டதாக ஓ'நீலே பின்னால் சொன்னார். அது ருசுவான செய்தி அல்ல. ஆனால் அப்படிச் செய்ய இடம் இருந்தது என்பது நிச்சயம். ஜெயித்த வித்தியாசமோ வெறும் 72! கொல்லச் சொன்னவர்களில் 37 பேர் மனம் மாறி மற்ற நம்பரைக் கூப்பிட்டிருந்தால் பையன் பிழைத்திருப்பான்.

வசூலான தொகை பெரிதல்ல. எல்லாம் சேர்ந்து ஐயாயிரத்துச் சொச்சம் டாலர். உண்மையான லாபம் விளம்பரத்தில் இருந்தது. ராபின் செத்தான் என்ற செய்தி சித்திரக் கதையே படிக்காதவர்களின் பத்திரிகைகளிலும் வந்தது. புத்தகம் பறந்தது.

"ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். இதுவும் ஜனநாயகம்தானே?" என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். இல்லை ஐயா. சங்கத்தில் ஒருவர் மேல் குற்றச்சாட்டு வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். ஆதரித்துப் பேசுகிறவர் பேசுகிறார். எதிர்த்துப் பேசுகிறவர் பேசுகிறார். முடிவுக்கு வேறு வழி உண்டா என்று பார்க்கிறோம். அதற்குப் பிறகே கை தூக்குகிறோம். இங்கே கூட்டம் இல்லை, பேச்சு இல்லை. பையனைத் திருத்த முடியுமா என்ற மூன்றாவது கேள்விக்கு நம்பரே கொடுக்கவில்லை. அவனைப் பொல்லாதவனாக எழுதிய பேனா கம்பெனியிடம். நல்லவனாக எழுத முடிந்த பேனாவும் அதே கம்பெனியிடம். கொலைப் பழி மட்டும் வாசகர் தலையில்! கடையடைப்புச் செய்து விட்டு, தொழிலாளியே கேட்டுக் கொண்டான் என்று சொல்லும் முதலாளியின் தந்திரம் நமக்குப் புதிதல்லவே.

எப்படிச் செத்தான்?

இனிச் சொல்லப் போவதைக் கவனித்துக் கேளுங்கள்.

ஜேஸன் தன் பழைய தெருவுக்குப் போகிறான். அங்கே குடியிருந்த ஒரு கிழவி, அவன் பெற்றோரின் காகிதப் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறாள். அதிலிருந்து, தன்னை வளர்த்தவள் பெற்ற தாய் அல்ல என்று தெரிகிறது. தாயைத் தேடி நாடு நாடாக அலைகிறான். கடைசியில் எத்தியோப்பியாவில், பஞ்ச நிவாரண முகாமில் அவளைக் காண்கிறான். அவளோ நிவாரணப் பணத்தில் கை வைத்தவள். ஜோக்கரின் பிடியில் சிக்கியிருக்கிறாள். பட்டினி கிடப்பவர்களுக்கு வந்த மருந்துகளை அவன் கடத்துகிறான். பையன் தான் யார் என்று தாயிடம் சொல்லி, காப்பாற்றுகிறேன் வா என்று அழைக்கிறான். அவள் அவனைக் காட்டிக் கொடுத்து விடுகிறாள்.

ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடிக்கிறான். தாயையும் மகனையும் ஒரே கட்டடத்தில் பூட்டி வெடிகுண்டு வைத்து விட்டுப் போகிறான். குற்றுயிராய்க் கிடந்த பையன் எழுகிறான். தன்னைக் காட்டிக் கொடுத்தவளின் கட்டை அவிழ்க்கிறான். கதவு திறக்கவில்லை. குண்டு வெடிக்கும் நேரத்தில், அவள் முன்னால் பாய்ந்து தன் உடம்பில் அடியை வாங்கிக் கொள்கிறான். சாகும் தறுவாயில் அந்தத் தாயே பேட்மேனிடம் இதைச் சொல்கிறாள்.

எரிச்சலூட்டும் பையன், அடங்காத பையன், நன்றி கெட்ட பையன் என்று ஐயாயிரம் பேர் காசு கொடுத்துக் கொன்றார்களே, அவன் செத்த விதம் இது. இதைப் படித்த ராத்திரி நமக்குத் தூக்கம் வரவில்லை. கதை என்று தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை: அன்று நம் கையில் டெலிபோன் இருந்திருந்தால், எந்த நம்பரைக் கூப்பிட்டிருப்போம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறோம்: முந்திய நாள் வரை படித்ததை வைத்துப் பார்த்தால், சாவு நம்பரைத்தான் கூப்பிட்டிருப்போம்.

அடுத்த வருஷமே கம்பெனி புது ராபினைக் கொண்டு வந்தது. பெயர் டிம் டிரேக். வசதியான வீட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் தெரிந்தவன், மரியாதையாகப் பேசுகிறவன். வாசகர்களுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. செத்த பையனின் உடுப்பை கதையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். செத்தவனும் சும்மா கிடக்கவில்லை. 2005-ல் அவனை உயிரோடு எழுப்பி, சிவப்பு முகமூடி மாட்டி, மறுபடி விற்றார்கள். 2023-ல், பிழைத்திருந்தால் வந்திருக்க வேண்டிய பக்கங்களையும் அச்சடித்து விற்றார்கள். அவன் சாவும் சரக்கு. அவன் பிழைப்பும் சரக்கு.

ஆனால் திரும்பி வந்த ஜேஸன் பேட்மேனிடம் ஒரு கேள்வி கேட்கிறான். என்னைக் காப்பாற்றாததற்குக் கோபமில்லை; என்னைக் கொன்றவன் இன்னும் ஏன் சுகமாக உயிரோடு இருக்கிறான் என்கிறான். பேட்மேன் தன் கொள்கையைச் சொல்கிறான். கொல்வதில்லை என்பது நல்ல கொள்கைதான். எனினும் பையனின் கேள்வி அங்கேயே நிற்கிறது. அரை நூற்றாண்டாக அந்த நகரில் ஏழைப் பிள்ளைகள் சாகிறார்கள். ஜோக்கர் சிறைக்குப் போகிறான், வருகிறான். கோடீஸ்வரன் மாளிகை அப்படியே இருக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பார்த்து, இது என்ன நியாயம் என்று கேட்ட எடுபிடிப் பையன் அவன் ஒருவன்தான்.

நம் ஆபீஸில் ஒரு பையன்

இதை எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சொல்லி முடித்து விடுகிறோம்.

மில் வட்டாரம் ஒன்றில் நாம் சங்க வேலை பார்த்த நாட்களில் ஒரு பையன் ஆபீஸுக்கு வருவான். தகப்பன் இல்லை, தாய் ஒப்பந்தக் கூலி. டீ வாங்கி வருவான், பசை காய்ச்சுவான், நோட்டீஸ் ஒட்டுவான். எல்லாம் நன்றாகச் செய்வான்; வாய் மட்டும் அடங்காது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே விழுவான். "இன்னும் எத்தனை மனுதான் கொடுப்பீங்க?" என்பான். பேச்சு வார்த்தை நடக்கும் சமயத்தில் மில் சுவரில் கரிக்கட்டியால் ஏதோ எழுதி வைத்து, நமக்குப் பெரிய தலைவலி ஆக்கினான்.

கமிட்டியில் பேசினோம். இனி அவன் ஆபீஸுக்கு வரக்கூடாது என்று தீர்மானம். கை தூக்கினார்கள், நாமும் தூக்கினோம். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை ஆபீஸ் அமைதியாக இருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தோம். தலையில் மூட்டை. நம்மைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்ன தோழர், நல்லா இருக்கீங்களா? நோட்டீஸ் ஒட்ட ஆள் இருக்கா?" என்று கேட்டான். கோபத்தின் சாயல்கூட இல்லை. இருக்கிறது என்று சொன்னோம். பொய், ஆள் இல்லை. பஸ் வந்து விட்டது, ஏறி விட்டோம்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டுப்பாடு இல்லாத சங்கம் ஒரு நாள்கூட நிற்காது. ஆனால் கட்டுப்பாடு கற்றுக் கொடுத்து வருவது, பிறக்கும்போதே வருவதல்ல. நாமும் அடங்காமல் இருந்தவர்கள்தாம். எவரோ ஒரு மூத்த தோழர் நம் எரிச்சலைச் சகித்துக் கொண்டு, திட்டிக் கொண்டே பக்கத்தில் வைத்துக் கொண்டார். அதனால்தான் இன்று இங்கே இருக்கிறோம்.

ஆகையால் தோழர்களே, உங்கள் கிளையில் இப்படி ஒரு பையன் இருந்தால், கை தூக்குவதற்கு முன் அவனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். என்ன கோபம், யார் மேல் கோபம் என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் கண்டிக்க வேண்டுமானால் முகத்துக்கு நேரே கண்டியுங்கள்.

வௌவால் பனியன் போட்ட பிள்ளையின் தகப்பனாருக்கும் ஒரு வார்த்தை. பனியனைக் கழற்றச் சொல்ல வேண்டாம், தோழர். ராத்திரி சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, சக்கரம் திருடிய பையனின் கதையைச் சொல்லுங்கள். கடைசியில், "நீயாக இருந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவாய்?" என்று கேளுங்கள். அவன் என்ன பதில் சொன்னான் என்று நமக்கும் எழுதுங்கள்.